ஓடிபிக்கு ஓர் இரவல் எண்

சிலிண்டர் கொண்டுவருபவர் வாசலில் நின்றபடி, "ஓடிபி வந்திருக்கும், பார்த்துச் சொல்லுங்கம்மா" என்கிறார். ஆன்லைனில் தட்கல் டிக்கெட் எடுக்க 2025 ஜூலையிலிருந்து ஆதார் ஓடிபி வேண்டும். மாலில் இலவச வைஃபை, துணிக்கடையில் பில், பல் டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் என்று எங்கே போனாலும் முதல் கேள்வி, "நம்பர் சொல்லுங்க சார்." நம்பர் கொடுத்தால்தான் பில் என்று கடைகள் நெருக்குவதாகப் புகார்கள் எழுந்ததால், நம்பர் கேட்டு வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023 மே மாதம் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை வணிக அமைப்புகளுக்கு அறிவுறுத்தியது. அறிவுறுத்தல் வந்ததென்னவோ உண்மை. கல்லாவில் உட்கார்ந்திருப்பவரின் பழக்கம்தான் மாறக் காணோம்.

அந்தப் பத்து இலக்கங்களோடு என்னென்ன சேர்ந்து போகிறது என்று பார்த்தால் கொஞ்சம் உதறலாகத்தான் இருக்கும். யாருடைய எண்ணையாவது யூபிஐ செயலியில், பணம் அனுப்பப் போவதுபோல அடித்துப் பாருங்கள். வங்கிக் கணக்கில் உள்ள பெயர் இனிஷியலோடு திரையில் வந்து நிற்கும். வாட்ஸ்அப்பில் சேமித்தால் முகப்புப் படம் தெரியும். பலருக்கு அதில் பிள்ளைகளும் இருப்பார்கள். ட்ரூகாலரில் தேடினால், ஊரார் அந்த எண்ணை என்ன பெயரில் சேமித்து வைத்திருக்கிறார்கள் என்பதுகூடத் தெரிந்துவிடும்.

பெரிய நிறுவனங்களிடம் கொடுத்தால் பத்திரம் என்றும் சொல்ல முடியாது. 2021 ஏப்ரலில், 53.3 கோடி ஃபேஸ்புக் பயனர்களின் விவரங்கள் தொலைபேசி எண்ணோடு சேர்த்து இணையத்தில் இலவசமாகவே கொட்டிக் கிடந்தன. கணக்கின் பாதுகாப்புக்கு என்று சொல்லி வாங்கிய எண்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டதற்காக, 2022 மே மாதம் ட்விட்டர் 15 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது. வழக்குத் தொடுத்தது அமெரிக்க அரசு.

ஆகவே, "சொந்த நம்பரைக் கொடுக்காமல் ஓடிபி வாங்க வழி உண்டா?" என்று ஒருவர் கேட்டால் அவரைச் சந்தேகமாகப் பார்க்க வேண்டியதில்லை. பழைய பைக்கை விற்க விளம்பரம் போடுகிறவர், திருமணத் தகவல் தளத்தில் பதிவு செய்யும் பெண், ஒரே ஒரு கூப்பனுக்காக ஒரு செயலியை இறக்குகிற மாணவர் என எல்லோருக்கும் இந்தத் தேவை இருக்கிறது. வழியும் உண்டு. தற்காலிக எண் என்று தேடினால் டஜன் கணக்கில் தளங்கள் வந்து விழும். அவற்றில் எதை எதற்குப் பயன்படுத்தலாம், எதைத் தொடவே கூடாது என்பதுதான் இந்த அத்தியாயம்.

எல்லோரும் படிக்கும் இன்பாக்ஸ்

முதல் வகை, இலவசப் பொது எண்கள். இப்படிப்பட்ட தளம் ஒன்றைத் திறந்தால் நாட்டுக்கொடிகளோடு எண்கள் வரிசையாக இருக்கும். பெரும்பாலும் வெளிநாட்டு எண்கள். பதிவு செய்ய வேண்டாம், காசு வேண்டாம். ஏதாவது ஓர் எண்ணைத் தொட்டால் அதற்கு வந்த குறுஞ்செய்திகள் எல்லாம் மேலிருந்து கீழாக விரியும். 'ஜி' என்ற ஆங்கில எழுத்து, ஒரு சிறு கோடு, ஆறு இலக்கம்: யாரோ ஒருவர் கூகுள் கணக்குத் திறக்க முயன்றிருக்கிறார். அடுத்த வரியில் ஒரு டேட்டிங் செயலி. அதற்குக் கீழே, "இந்தக் குறியீட்டை யாரிடமும் பகிர வேண்டாம்" என்ற எச்சரிக்கையோடு ஒரு வாட்ஸ்அப் ஓடிபி கோடு. அந்த எச்சரிக்கையை உலகமே படித்துக்கொண்டிருக்கிறது. பக்கத்தை மறுபடி ஏற்றினால் இன்னும் நாலைந்து சேர்ந்திருக்கும்.

ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இத்தகைய பொது எண்களுக்கு வந்த செய்திகளை 14 மாதங்கள் திரட்டி, 2016இல் ஆய்வறிக்கை வெளியிட்டார்கள். கிட்டத்தட்ட 4 லட்சம் குறுஞ்செய்திகள். பெரும்பகுதி ஓடிபிதான் என்றாலும், கடவுச்சொற்களும் கார்டு விவரங்களும்கூட அதில் வெட்டவெளிச்சமாகக் கிடந்தன. அனுப்பிய நிறுவனத்துக்கு அது பொது எண் என்று தெரியாது. வாங்கியவர் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

இந்த எண்ணில் வாட்ஸ்அப் கணக்குத் திறந்தால் என்ன ஆகும்? நாளைக்கே இன்னொருவர் அதே எண்ணைத் தன் போனில் அடிப்பார். கோடு அதே பொதுப் பக்கத்தில் வந்து விழும். அவர் அதை அடித்த நொடியில் முதல் ஆளின் போனில் வாட்ஸ்அப் வெளியேறிவிடும். இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி ஆறு இலக்கப் பின் போட்டு வைத்தால் தப்பிக்கலாமே என்று தோன்றும். பின் தெரியாதவர் உள்ளே வர 7 நாள் காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த 7 நாளும் உங்கள் கணக்கு உங்கள் கையிலும் நிலையாக இருக்காது.

பொது எண்ணில் இன்னொரு தொல்லை, அது பெரும்பாலும் வேலையே செய்யாது. ஓர் எண் மொபைலா, லேண்ட்லைனா, இணையவழி எண்ணா என்று தேடிச் சொல்லும் சேவைகளைப் பெரிய நிறுவனங்கள் காசு கொடுத்து வைத்திருக்கின்றன. இணையவழி எண் என்று தெரிந்தால் "இந்த எண்ணைப் பயன்படுத்த முடியாது" என்று கையை விரித்துவிடும். மொபைல் எண்ணாகவே இருந்தாலும், ஏற்கெனவே ஐம்பது பேர் அதில் கணக்குத் திறந்திருப்பார்கள். ஒரு மணி நேரம் எண் மாற்றி எண் முயன்று வெறுத்துப்போகிறவர்கள் அதிகம்.

வாடகைக்குக் கிடைப்பது யாருடைய சிம்?

இலவசம் சரிவராதபோது ஆட்கள் போகும் இடம் கட்டண சேவை. எந்தச் செயலிக்கு, எந்த நாட்டு எண் என்று தேர்ந்தெடுத்து, சிறு தொகை கட்டினால் சில நிமிடங்களுக்கு ஓர் எண் உங்களுக்கு மட்டும் கிடைக்கும். அந்தச் செயலியின் கோடு வந்ததும் எண் மறைந்துவிடும். பொதுப் பக்கம் கிடையாது, வரிசை கிடையாது. பார்ப்பதற்குச் சுத்தமான வியாபாரம்.

அந்த எண்ணுக்குப் பின்னால் உள்ள சிம் எங்கே இருக்கிறது என்று கேட்டால்தான் சங்கதி வெளியே வரும். 2025 அக்டோபரில் ஐரோப்பியக் காவல் அமைப்பான யூரோபோலின் துணையோடு லாட்வியாவில் நடந்த சோதனையில் 1,200 சிம் பாக்ஸ்களும், இயங்கிக்கொண்டிருந்த 40,000 சிம் கார்டுகளும் பிடிபட்டன. சிம் பாக்ஸ் என்பது ஒரே பெட்டிக்குள் வரிசை வரிசையாகச் சிம்களைச் செருகி, கணினி வழியாக இயக்கும் கருவி. 80க்கும் மேற்பட்ட நாடுகளில் பதிவான எண்களை அந்தக் கும்பல் இணையத்தில் வாடகைக்கு விட்டுவந்தது. அந்த எண்களைக் கொண்டு திறக்கப்பட்ட ஆன்லைன் கணக்குகள் 4.9 கோடிக்கு மேல் என்று யூரோபோல் சொன்னது. போலி முதலீட்டுத் தளம், போலிக் கடை, "அம்மா, என் போன் தொலைந்துவிட்டது, இது என் புது நம்பர்" என்று பிள்ளைபோல நடித்துப் பணம் பறிக்கும் வாட்ஸ்அப் மோசடி எல்லாம் அந்தக் கணக்குகளில் நடந்தன. தளங்களைப் போலீஸ் கைப்பற்றி, முகப்பில் தன் அறிவிப்பை ஒட்டியது. கூப்பனுக்காக எண் எடுத்த அப்பாவிகளும் அந்த வாடிக்கையாளர் பட்டியலில் இருந்திருப்பார்கள்.

சிம் பாக்ஸாவது பரவாயில்லை. ட்ரெண்ட் மைக்ரோ என்ற பாதுகாப்பு நிறுவனம் 2023இல் வெளியிட்ட தகவல் இதைவிட மோசம். 'லெமன் குரூப்' என்று அது பெயரிட்ட கும்பல், மலிவு விலை ஆண்ட்ராய்டு போன்களில் அவை கடைக்கு வரும் முன்பே தீய மென்பொருளைப் புகுத்தியிருந்தது. அப்படிப்பட்ட கருவிகள் சுமார் 89 லட்சம் என்பது அந்தக் கும்பலே பீற்றிக்கொண்ட கணக்கு. அந்த மென்பொருள் செய்த வேலைகளில் ஒன்று, போனுக்கு வரும் ஓடிபி குறுஞ்செய்தியைச் சொந்தக்காரருக்குத் தெரியாமல் எடுத்து அனுப்புவது. அதாவது, காசு கொடுத்து வாங்குகிற 'தற்காலிக எண்', எங்கோ ஒரு கடைநிலை ஊழியரின் சட்டைப்பையில் இருக்கும் போனின் எண்ணாக இருக்கலாம். அவருக்கு இது எதுவும் தெரியாது.

இந்திய எண் வாடகைக்குக் கிடைக்கிறது என்றால் இன்னும் ஒரு படி எச்சரிக்கை வேண்டும். இங்கே அடையாள ஆவணம் இல்லாமல் சிம் கிடையாது. ஆகவே +91 என்று தொடங்கும் ஒவ்வொரு மொபைல் எண்ணும் யாரோ ஒருவர் பெயரிலோ ஒரு நிறுவனத்தின் பெயரிலோ பதிவாகியிருக்கிறது. அந்த யாரோ அதை அறிந்து கொடுத்தாரா, அவருடைய ஆதார் நகலை வைத்து வேறு எவராவது எடுத்ததா என்பதற்கு வாடகைத் தளம் பதில் சொல்லாது.

மூன்றாவதாக, மாதக் கட்டணத்தில் இணையவழி எண் தரும் முறையான செயலிகள் இருக்கின்றன. அமெரிக்காவில் உள்ளவர்களுக்கு 2009 முதல் கூகுள் வாய்ஸ் இருக்கிறது. அங்கே வசிக்கும் தமிழர்கள் பலர் வேலை விண்ணப்பம், வீட்டு வாடகை விளம்பரம் ஆகியவற்றுக்கு அந்த எண்ணைத்தான் கொடுக்கிறார்கள். கணக்கு நம் பெயரில் இருப்பதால் எண்ணும் நம்மிடமே இருக்கும். ஆனால் பல வங்கிகள் அதை இணையவழி எண் என்று கண்டுகொண்டு ஓடிபி அனுப்ப மறுக்கும். கூகுள் வாய்ஸில் தனிநபர் கணக்கு இந்தியாவில் கிடையாது.

இரண்டாவது ஓடிபி எங்கே போகும்?

தற்காலிக எண்ணைத் தேடுகிற ஒவ்வொருவரும் முதல் ஓடிபியைப் பற்றித்தான் கவலைப்படுகிறார்கள். அது எப்படியாவது வந்துவிடும். கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: இந்தக் கணக்கு ஆறு மாதம் கழித்து இன்னொரு ஓடிபி கேட்டால், அது யார் கைக்குப் போகும்?

போன் மாற்றினால் கேட்கும். கடவுச்சொல் மறந்தால் கேட்கும். வெளியூரிலிருந்து நுழைந்தால், "வழக்கத்துக்கு மாறான இடம்" என்று கேட்கும். அன்றைக்கு அந்த எண் உங்களிடம் இருக்காது. நீங்கள் பூட்டுக்கு வெளியே நிற்பீர்கள், எண்ணை வைத்திருப்பவர் உள்ளே போவார். ஜிமெயில் போன்ற கணக்கு என்றால் கதை இன்னும் கொடியது. அதைப் பிடித்தவர் அதன் வழியாக மற்ற எல்லாக் கடவுச்சொற்களையும் மாற்றிக்கொள்வார்.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் கெவின் லீயும், சென்னை ஐஐடியில் படித்த பேராசிரியர் அரவிந்த் நாராயணனும் 2021இல் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவர் விட்டுவிட்டு, தொலைபேசி நிறுவனம் மறுபடி விற்பனைக்கு வைத்த 259 எண்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் 171 எண்கள் பிரபலமான தளங்களில் பழைய சொந்தக்காரரின் கணக்கோடு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன. இப்படி மறுவிற்பனைக்கு வந்த 200 எண்களை எடுத்து ஒரு வாரம் கவனித்தபோது, 19 எண்களுக்குப் பழைய ஆளின் அந்தரங்கச் செய்திகளும் ஓடிபிகளும் தொடர்ந்து வந்துகொண்டிருந்தன. இவை ஒழுங்காக ஒருவர் வைத்திருந்து விட்டுப்போன எண்கள். ஒரே எண்ணை நாளுக்கு நூறு பேருக்கு மாற்றிவிடும் தளத்தில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஆகவே ஒரு சுலபமான அளவுகோல்: நாளைக் காலையில் அந்தக் கணக்கு காணாமல் போனால் உங்களுக்கு வருத்தம் வருமா? வராது என்றால் இரவல் எண் பரவாயில்லை. ஒருமுறை பார்த்துவிட்டுத் தூக்கிப்போடும் செயலி, ஒரே ஒரு கட்டுரையைப் படிக்கப் பதிவு கேட்கும் தளம், மென்பொருள் எழுதுகிறவர் தன் செயலியையே சோதிக்கத் திறக்கும் கணக்கு இதில் சேரும். அந்தக் கணக்கில் உண்மைப் பெயர், முகவரி, கார்டு எதையும் கொடுக்கக் கூடாது. வேறு இடத்தில் பயன்படுத்தும் கடவுச்சொல்லையும் போடக் கூடாது. தளம் மின்னஞ்சலை ஏற்றுக்கொண்டால், உள்ளே நுழைந்ததும் எண்ணை நீக்கிவிட்டு மின்னஞ்சலை மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

வருத்தம் வரும் என்றால் வேண்டாம். வங்கி, ஆதார், டிஜிலாக்கர், வருமான வரி, பிஎஃப், முதன்மை மின்னஞ்சல், வாட்ஸ்அப், பிள்ளைகளின் பள்ளிச் செயலி எதிலும் வேண்டாம்.

யூபிஐயில் நீங்கள் விரும்பினாலும் முடியாது. புதுப் போனில் யூபிஐ செயலியை நிறுவும்போது, "உங்கள் எண்ணிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் அனுப்பப்படும்" என்று வருவதைப் பலர் படிக்காமலே சம்மதம் கொடுத்திருப்பார்கள். அங்கே குறுஞ்செய்தி வருவதில்லை, போகிறது. வங்கியில் பதிவான சிம் அந்தப் போனிலேயே இருக்கிறதா என்று பார்க்கும் ஏற்பாடு அது. குறுஞ்செய்தியை வாங்க மட்டுமே தெரிந்த இரவல் எண் அங்கே தோற்றுவிடும். இதே வகையான கட்டுப்பாட்டைக் கொண்டுவரும்படி வாட்ஸ்அப், டெலிகிராம், சிக்னல் போன்ற செயலிகளுக்கும் 2025 நவம்பர் இறுதியில் தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பது இதிலேயே தெரியும்.

சொந்தப் பெயரில் இரண்டாவது சிம்

இந்திய வாசகருக்கு இந்த நூல் சிபாரிசு செய்வது இதைத்தான். ஆவணத்தோடு, சொந்தப் பெயரில், இன்னொரு சிம். ஒருவர் பெயரில் 9 இணைப்புகள் வரை அனுமதி உண்டு; ஜம்மு காஷ்மீர், அசாம், வடகிழக்கு மாநிலங்களில் 6. இப்போது விற்கும் போன்கள் பெரும்பாலும் இரட்டைச் சிம் போன்கள். இ-சிம் வசதி இருந்தால் கார்டுகூடத் தேவையில்லை. வீட்டில் சும்மா கிடக்கும் பட்டன் போனும் போதும்.

முதல் எண் வங்கிக்கும் அரசுக்கும் குடும்பத்துக்கும். இரண்டாவது எண் துணிக்கடைக்கு, மாலுக்கு, விளம்பரத்துக்கு, முன்பின் தெரியாதவர்களுக்கு. இரண்டாவது எண்ணை எந்த வங்கிக் கணக்கோடும் இணைக்காமல் இருந்தால், அதை யூபிஐயில் அடிப்பவருக்கு உங்கள் பெயர் வராது. அதில் வாட்ஸ்அப் திறந்தால் முகப்புப் படத்தை வெறுமையாக விடுங்கள். பைக் விற்று முடிந்ததும் அந்தச் சிம்மை அணைத்து வைத்துவிடலாம். நள்ளிரவில் வரும் "பைக் இருக்கா ப்ரோ"வுக்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை.

செலவு உண்டு, மறைப்பானேன். ப்ரீபெய்ட் வேலிடிட்டி முடிந்தால் முதலில் அவுட்கோயிங் நிற்கும், கொஞ்ச நாளில் இன்கமிங்கும் நிற்கும், ஓடிபியும் வராது. 90 நாள் பயன்பாடே இல்லாத ப்ரீபெய்ட் எண்ணைத்தான் நிறுவனம் துண்டிக்கலாம். கணக்கில் 20 ரூபாயாவது இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு இன்னும் 30 நாள் நீட்டிக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. ஆகவே மலிவான நீண்டகாலத் திட்டம் ஒன்றைப் போட்டுவிட்டு, முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து வைப்பது உத்தமம்.

வெளிநாடு போகிறவர்களின் சிக்கல் இதற்கு நேர் எதிரானது. துபாயிலோ டொராண்டோவிலோ இருப்பவருக்கு ஊர் வங்கியின் ஓடிபி வர வேண்டும். அங்கிருந்துகொண்டு 'இந்திய விர்ச்சுவல் நம்பர்' தேடுகிறவர்கள் நிறைய. இது ஆபத்தான தேடல். ஊரில் வாங்கிய சிம்மை ரோமிங்கோடு உயிரோடு வைத்திருப்பதே பாதுகாப்பு. பொதுவாக ரோமிங்கில் குறுஞ்செய்தி வாங்கக் கட்டணம் இல்லை. ஆனாலும் கிளம்பும் முன் உங்கள் நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் பில் மூச்சை நிறுத்திவிடும். என்ஆர்ஐ கணக்கு வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் திறந்திருக்கிறது. 2023 ஜனவரியில், யூபிஐயை நடத்தும் என்பிசிஐ அமைப்பு சிங்கப்பூர், அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஹாங்காங், ஓமன், கத்தார், சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய 10 நாட்டு மொபைல் எண்களையும் என்ஆர்இ, என்ஆர்ஓ கணக்குகளின் யூபிஐயில் அனுமதித்தது.

எண்ணே வேண்டாத இடங்கள்

பல இடங்களில் ஓடிபிக்கு மாற்று ஏற்கெனவே இருக்கிறது, நாம் தேடுவதில்லை. ஆத்தென்டிகேட்டர் செயலி 30 விநாடிக்கு ஒருமுறை புதுக் கோடு காட்டும். 2011இல் வரையறுக்கப்பட்ட பொதுத் தரம் அது, போனுக்குள்ளேயே கணக்கிட்டுக்கொள்ளும். சிக்னலும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். கூகுள், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ் எல்லாம் ஏற்கின்றன. அதோடு வரும் மீட்புக் கோடுகளைத் தாளில் எழுதி பீரோவில் வைக்காதவர்கள், போன் தொலைந்த அன்று தலையில் கை வைப்பார்கள். பாஸ்கீ வசதி உள்ள தளங்களில் கைரேகையே போதும். சிக்னல் செயலியில் 2024 முதல் பயனர் பெயரைக் கொடுத்து எண்ணை மறைக்கலாம். பதிவுக்கு மட்டும் எண் வேண்டும். டெலிகிராமிலும் அப்படியே.

ரிசர்வ் வங்கியும் இந்தத் திசையில்தான் நகர்கிறது. 2025 செப்டம்பரில் அது வெளியிட்டு, 2026 ஏப்ரல் 1 அமலுக்கு என்று தேதி குறித்த விதிகளில், பணப் பரிவர்த்தனைக்கு இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு கட்டாயம். ஆனால் அது எஸ்எம்எஸ் ஓடிபியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

கேட்கக் கூச்சப்படும் கேள்வி

இரவல் எண் கொடுப்பது சட்டப்படி தப்பா? கூப்பன் தளத்துக்கு வேறு எண் கொடுத்ததற்காக யாரும் வீட்டுக் கதவைத் தட்டப்போவதில்லை. அந்தத் தளம் தன் விதிமுறையைக் காட்டிக் கணக்கை மூடலாம், அவ்வளவே. ஒரே சலுகையை இருபது எண்ணில் இருபது முறை வாங்குவது, போலிப் பெயரில் ஆட்களை ஏமாற்றுவது, தேர்தல் நேரத்தில் நூறு போலிக் கணக்கு நடத்துவது வேறு கதை. ஆள்மாறாட்டம், மோசடி வழியாகச் சிம் பெற்றால் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில் 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வரம்புக்கு மேல் சிம் வைத்திருந்தால் முதல் முறை 50,000 ரூபாய் வரை, அடுத்த முறை 2 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

இதன் மறுபக்கத்தில் நிற்கிறவர்கள்தான் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். "வீட்டிலிருந்தே வேலை. உங்கள் நம்பருக்கு வரும் ஓடிபியை அனுப்பினால் ஒரு கோடுக்கு இவ்வளவு ரூபாய்" என்று கல்லூரி மாணவர்களுக்கும் இல்லத்தரசிகளுக்கும் டெலிகிராமில் அழைப்பு வருகிறது. "உங்கள் பெயரில் நாலு சிம் எடுத்துக் கொடுங்கள்" என்றும் கேட்பார்கள். சம்மதித்தால் வாடகைத் தளத்தின் சரக்கு நீங்கள்தான். அந்த எண்ணில் திறந்த கணக்கு மதுரையிலோ மங்களூரிலோ ஒரு முதியவரின் சேமிப்பை வழித்தெடுத்தால், போலீஸ் முதலில் தேடி வரும் முகவரி சிம் விண்ணப்பத்தில் உள்ள முகவரி. ஐநூறு ரூபாய்க்காக இதில் இறங்குவது முட்டாள்தனம்.

உங்களுக்குத் தெரியாமல் உங்கள் பெயரில் சிம் இருக்கிறதா என்று பார்ப்பது எளிது. தொலைத்தொடர்புத் துறை 2023 மே மாதம் தொடங்கிய சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் எண்ணை அடித்து, ஓடிபி கொடுத்தால், உங்கள் பெயரில் இயங்கும் இணைப்புகளின் பட்டியல் வரும். எண்ணின் சில இலக்கங்கள் மறைத்திருக்கும். தெரியாத எண் இருந்தால் 'என் எண் அல்ல' என்றும், பழைய எண் என்றால் 'தேவையில்லை' என்றும் அங்கேயே குறிக்கலாம். நாலு சிம் தன் பெயரில் இருந்ததே தெரியாமல் இருப்பவர்கள் உண்டு. பெரும்பாலும் சொந்தக்காரருக்கு எடுத்துக் கொடுத்து மறந்தவை.

கடைசியாக, இரண்டாவது எண் சலித்துப்போய் விட்டுவிடலாம் என்று முடிவெடுக்கும் நாள். துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து வேறொருவருக்குக் கொடுப்பார்கள் என்பதை டிராய் 2023இல் உச்ச நீதிமன்றத்திலேயே சொன்னது. பழைய எண்ணோடு ஒட்டியிருக்கும் வாட்ஸ்அப் தகவல்களை அழித்துவிட்டுப் போவது சந்தாதாரரின் பொறுப்பு என்று நீதிமன்றமும் கைகாட்டிவிட்டது. எனவே சிம்மை ஒடித்துக் குப்பையில் போடும் முன் ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். அந்தச் சிம்மின் இன்பாக்ஸைக் கீழிருந்து மேலாக ஒருமுறை புரட்டினால், எந்தெந்தத் தளங்களில் அந்த எண் இருக்கிறது என்று அனுப்புநர் பெயர்களே காட்டிக்கொடுக்கும். ஒவ்வொன்றிலும் எண்ணை மாற்றுங்கள், அல்லது கணக்கை அழியுங்கள். வாட்ஸ்அப்பில் அமைப்புகளுக்குள் 'கணக்கு' என்ற பகுதியில் எண்ணை மாற்றவும் அழிக்கவும் இரண்டு வழிகளும் உண்டு; செயலியை நீக்கினால் மட்டும் கணக்கு போகாது. இதற்குள்ளேயே யாராவது உங்கள் ஓடிபியைப் பிடுங்கிப் பணம் எடுத்துவிட்டிருந்தால், வேறு எதையும் செய்யாமல் முதலில் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். பணம் கைமாறி வெளியே போவதற்குள் நிறுத்திவைக்க அந்த முதல் சில மணி நேரத்தில்தான் வாய்ப்பு அதிகம்.